சோபாவை நம்பாத பரிபூரணம்

ராஜபாளையத்தில் பழைய தோல் சோபாக்களைத் துடைத்துச் சீராக்கித் தருகிற பரிபூரணம், எந்த சோபாவையும் பார்த்தவுடன் நம்பியதில்லை. ஆட்களையும் அப்படித்தான். விற்பவர் உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள். திண்டைத் தூக்கி அடிப்பக்கத்தை முகர்ந்து பார்ப்பாள். ஈரமான வெள்ளைத் துணியை ஓர் ஓரத்தில் அழுத்தித் தேய்ப்பாள். துணியில் நிறம் ஏறாவிட்டால்தான் பேச்சே தொடங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் வைகுண்டராஜ் மீது அவளுக்குக் கூடுதல் சந்தேகம். தேவைக்கு மேல் சிரிப்பான். இருந்தும் அவன் கடை நடுவில் கிடந்த பழுப்பு சோபாவைச் சோதித்துத் துடைத்து, "சாயம் போகாது, நான் பொறுப்பு" என்று ஞானராஜ் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். ஞானராஜ் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மகள் கேத்ரினைப் பெண் பார்க்க ஞாயிறு மாலை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

அன்று மதியம் கேத்ரின் போன் செய்தாள். "அக்கா, அப்பா வெள்ளை வேட்டியோட உக்காந்து எந்திரிச்சா, பின்னாடி பூரா பழுப்பு. அவிய வந்து உக்காந்தா எங்க மானம் என்னாகும்?"

பரிபூரணம் உடனே வைகுண்டராஜை அழைத்தாள். "ஏலே, நான் துடைச்சிட்டுப் போன பொறவு அதுல என்னத்தப் பூசின?"

"நான் ஏன்க்கா பூசுதேன்? எங்க அம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டினாலும் நீங்க ஆதார் கேப்பிய."

"கேப்பேன். வை போனை."

வாளியும் துணியுமாக ஞானராஜ் வீட்டுக்குப் போனாள். திண்டின் மேல் தேய்த்ததும் துணியில் பழுப்பு ஏறியது. சோபாவைச் சுவரிலிருந்து நகர்த்தி முதுகுப்பக்கம் தேய்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. கடையில் பூசியிருந்தால் சுற்றிலும் பூசியிருப்பான். இது சுவரோடு போட்ட பிறகு நடந்த வேலை. குனிந்து முகர்ந்தாள்; பாலிஷ் வாடை. வாசலில் ஞானராஜின் ஷூ பளபளத்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, நேத்து ஷூ துடைச்சியளோ?"

"சனிக்கிழமை தவறாமத் துடைப்பேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகணும்லா."

"பாலிஷ் மிச்சம் இருந்துச்சோ?"

ஞானராஜ் மின்விசிறியைப் பார்த்தார். "ரெண்டும் தோல்தானம்மா. செத்த மங்கலாத் தெரிஞ்சுது."

"ஷூ மேல யாரும் உக்காரதில்ல, அண்ணாச்சி."

சோப்பு நுரையைத் தொட்டு, ஒட்டப் பிழிந்த துணியால் பாலிஷ் மெழுகை வழித்தெடுத்தாள். துணியை மாற்றி மாற்றித் துடைத்தாள். வெயிலில் போடலாமா என்று கேட்ட கேத்ரினிடம், "தோல் வெடிச்சிரும். காத்து போதும்" என்றாள். காய்ந்ததும், வேறொரு வெள்ளை வேட்டி கட்டிவரச் சொல்லி ஞானராஜை உட்காரவைத்தாள்.

"நல்லாச் சாயுங்க. எந்திரிங்க. திரும்புங்க."

கேத்ரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேட்டி சுத்தமாக இருந்தது.

அப்போதும் பரிபூரணம் கிளம்பவில்லை. காபி போட ஒத்தாசை செய்கிறேன் என்று சமையலறையில் நின்றாள். மாப்பிள்ளையின் அப்பா விடைபெற எழுந்தபோது கதவிடுக்கு வழியாக அவர் முதுகுப்புறத்தைப் பார்த்தாள். வெள்ளை வேட்டி வெள்ளையாகவே வாசலைக் கடந்தது.

பிறகுதான் வைகுண்டராஜை அழைத்தாள். "உன் மேல தப்பில்ல."

"அப்ப இனிமே என்னை நம்புவியளாக்கா?"

"இந்த சோபாவுக்கு மட்டும்" என்றாள்.