ரிவர்ஸ் போகாத வண்டி

என் அக்காவின் கணவரை, அதாவது என் அத்திம்பேரை, கல்கத்தாவில் தெரிந்தவர்கள் எல்லோரும் விவரமானவர் என்பார்கள். ஒரு கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். லேக் மார்க்கெட் பக்கம் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் முதன்முதலில் ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர் அவர்தான். கிளட்ச் மிதித்து ஓட்டுகிறவர்களை மாட்டுவண்டிக்காரர்களைப் போலப் பார்ப்பார்.

அந்த வண்டியின் கியர்பாக்ஸ் தேய்ந்துபோனது. சிக்னலில் நின்று கிளம்பினால் ஓர் உதறல். பிறகு எஞ்சின் மட்டும் கத்தும். வண்டி யோசித்து யோசித்து நகரும். கிடர்பூரில் ஒரு மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்து வேலை செய்தே ஆகவேண்டும் என்றார்.

அத்திம்பேர் வீட்டுக்கு வந்து சிரித்தார். "இறக்கறதுன்னா அவாளுக்குக் கொண்டாட்டம். துர்கா பூஜோ முடியட்டும், பாத்துக்கலாம்."

பூஜோ முடிந்தது. குளிர் போகட்டும் என்றார். குளிரும் போனது. பணமில்லாத குறை இல்லை. தனக்குத் தெரியாத ஒன்று மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஃபோனில் எதையோ பார்த்துவிட்டு ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கி ஊற்றினார். அதற்குப் பிறகு ரிவர்ஸ் அடியோடு செத்தது.

"பின்னாடி போறதுக்கா கார் வாங்கினேன்?" என்றார்.

நேராக வெளியே வரும்படி இடம் பார்த்து நிறுத்துவார். அப்படி அமையாத இடத்தில் அக்கா இறங்கித் தள்ளுவாள். முழங்கால் வலிக்காரி, தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டில் கையூன்றித் தள்ளுவாள். இவர் உள்ளே ஏசியில் உட்கார்ந்து, 'இன்னும் கொஞ்சம்' என்று விரலை ஆட்டுவார். கீழ்வீட்டுப் பெங்காலிக்காரர் பதறி ஓடிவந்து, "பௌதி, நீங்க விடுங்க" என்று அண்ணி முறை வைத்துச் சொல்லித் தோள் கொடுப்பார். அத்திம்பேருக்கு அப்போதும் முகம் சுண்டியதில்லை.

போன வருஷம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்த நான் ஊர் திரும்ப சாந்த்ராகாச்சியில் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. டாக்சியில் போகிறேன் என்றேன்.

"ஆத்துல கார் இருக்கறச்சே டாக்சியா?" என்று என் பெட்டியைப் பிடுங்கி டிக்கியில் வைத்தார். வழியனுப்ப அக்காவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஹூக்ளிப் பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் அலறியது. வண்டி நின்றது. பிறகு, மாதக்கணக்கில் பின்னால் போகாத அந்த வண்டி தானாகவே பின்னால் உருண்டது. அத்திம்பேர் பிரேக்கை மிதித்துக்கொண்டு வேர்த்தார். பின்னால் ஹாரன்கள். டிராஃபிக் சார்ஜெண்ட் வந்து கேட்டபோது, பெட்ரோலில் கலப்படம் என்று கூசாமல் சொன்னார். தீய்ந்த எண்ணெய் நாற்றம் பாலமெங்கும் அடித்துக்கொண்டிருந்தது.

"ஓரமாகத் தள்ளுங்கள்" என்றார் சார்ஜெண்ட். அத்திம்பேர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா இறங்கினாள். டிக்கியைத் திறந்து என் பெட்டியை எடுத்தாள். சார்ஜெண்டிடம் பெங்காலியில் சொல்லி ஒரு டாக்சியை நிறுத்தவைத்தாள்.

"வா, ரயிலுக்கு நாழியாறது" என்றாள் என்னிடம்.

"என்னடி, என்னை நடுப்பாலத்துல விட்டுட்டா போறே?"

"கிரேன் வரும். இருந்து வாங்கோ."

டாக்சியில் அவள் திரும்பியே பார்க்கவில்லை. ஸ்டேஷனில் என்னோடு நிதானமாக டீ குடித்தாள். ரயில் கிளம்பும்வரை இருந்தாள்.

கியர்பாக்ஸைப் பிரித்தபோது தேற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லையாம். வண்டி பழைய இரும்புக்குப் போனது. அத்திம்பேர் இப்போது அடுத்த கார் பார்க்கிறார். எந்தக் கலர் வேண்டும் என்று அக்காவைக் கேட்டாராம்.

"எதுவா இருந்தா என்ன? நான் மெட்ரோல போய்க்கறேன்" என்றாளாம்.