மல்லாட்டைமேல் போட்ட பழி

எங்கள் வீட்டில் இன்றுவரை மல்லாட்டை அவிப்பதில்லை. சுற்றிலும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையே விளைகிற ஊரில் இருந்துகொண்டு இதென்ன விரதம் என்று கேட்பவர்களிடம் "அப்பாவுக்கு ஒத்துக்காது" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். உண்மையில் அவருக்கு அது நன்றாகவே ஒத்துக்கொள்ளும்.

நான் ஐந்தாவது படித்தபோது ஆரம்பித்தது இது. அப்பா திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். தூக்கித் தூக்கிக் குடல் இறங்கி, விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று. அம்மா கூடவே தங்கிவிட்டாள். எனக்குக் கால் பரீட்சை லீவு. பெரியம்மா கட்டிக்கொடுக்கும் சோற்றுடன் பெரியப்பாவும் நானும் தினமும் பஸ் ஏறுவோம்.

மூன்றாம் நாளே அப்பா அந்த வார்டைச் சொந்த வீடாக்கிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர் மாமா, எதிர்க் கட்டில்காரர் சித்தப்பா, தரை துடைக்க வருபவர் அக்கா. வயிற்றைத் தைத்த டாக்டர் அப்படியே வாயையும் தைத்திருக்கலாம் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பத்தியம் அம்மாவின் இலாகா. புண் ஆறும்வரை மல்லாட்டை, கத்தரிக்காய், கருவாடு எதுவும் ஆகாது, தின்றால் சீழ் பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் டாக்டருக்கும் மேலான சட்டம். ரசச்சோற்றைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன அப்பா, அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரமாகப் பார்த்து என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"பாப்பா, நாளைக்கு நீ வரச்சொல்ல அவிச்ச மல்லாட்ட ஒரு கை எட்த்துக்கினு வா. உங்கம்மா கண்ல பட்டுடப் போவுது."

மறுநாள் என் பென்சில் டப்பாவுக்குள் மல்லாட்டை போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு அவர் மென்ற அழகை என்னவென்று சொல்ல! தோலை எல்லாம் நான் டப்பாவிலேயே போட்டு மூடிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாள் அவருக்குக் காய்ச்சல். தையல் போட்ட இடம் சிவந்து வீங்கிச் சீழ் கசிந்தது. அம்மாவிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

"இன்னாத்த துன்ன?"

"மல்லாட்ட. வெளிய வாங்கினு வரச் சொன்னேன்" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமல்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்காகவே எனக்கு அழுகை முட்டியது. அப்பா செத்துப்போனால் கொன்றது நான்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். யாரிடமும் சொல்ல முடியாமல் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அப்பாவைக் கோடியில் இருந்த தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போகிற நர்ஸ் கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு போனார். எதிர்க் கட்டில் சித்தப்பா எட்டிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். நான் கட்டிலருகே போனால், "தொடாத, அங்கியே நில்லு" என்பார் அப்பா. தினமும் புண்ணைத் திறந்து கழுவினார்கள். மருந்து வண்டியின் சக்கரச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டாலே அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அத்தனை பேச்சும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சுவரைப் பார்த்தபடி கிடந்தார்.

ஒரு நாள் இளவயது டாக்டர் ஒருவர், அம்மா மறுபடியும் மல்லாட்டைப் புராணத்தைத் தொடங்கியபோது குறுக்கிட்டார். "அவரத் திட்டாதீங்கம்மா. சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது இந்த வார்டுல இருக்கற கிருமி. அங்க பக்கத்து பெட்ல இருந்தவருக்கும் இதேதான் வந்திருக்கு."

எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் முகம் இன்னும் இருண்டுபோயிருந்தது. "இங்கியேவா சார்?" என்று ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான்.

ஒருவழியாக வீட்டுக்கு வந்தோம். புண் ஆறியதும் அதே இடத்தில் இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் விடுதலையைக் கொண்டாடும் குஷியில் மல்லாட்டையை அவிக்கச் சொல்லி, உரித்து, தட்டில் வைத்து, அம்மா பார்க்கவே அப்பாவிடம் நீட்டினேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வேணாம் பாப்பா. இதாலதான் அவ்ளோவும்."

"டாக்டர் இல்லன்னாரேப்பா?"

"அவுரு ஆயிரம் சொல்லுவாரு. மல்லாட்டதான்."

உலகமே என்னை மன்னித்துவிட்டது, அப்பா மட்டும் மன்னிக்கவில்லை என்று அன்று கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த மூன்று மாதம் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அவரும் யாரிடமும் பேசவில்லை. தன் தட்டையும் டம்ளரையும் தானே தனியாகக் கழுவி வைத்துக்கொண்டார். அம்மா சொல்லாமலே பத்தியம் இருந்தார்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு வீட்டிலிருந்து சொந்தப் போர்வை, சோப்பு, டம்ளர் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டார். விழுப்புரத்தில் இறங்கி ஆஸ்பத்திரி வாசல்வரை நன்றாகத்தான் நடந்தார். முதல் படியில் கால் வைத்தவர் நின்றுவிட்டார். அம்மா சீட்டுப் போட உள்ளே போயிருந்தாள். வியர்த்துக்கொட்டிய முகத்துடன் என்னைப் பார்த்தார்.

"இந்த வாட்டி நான் ஒண்ணும் துன்னல, இல்ல பாப்பா?"

"துன்னல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு மல்லாட்டகூட?"

"ஒண்ணுகூட இல்லப்பா."

"அப்ப ஒண்ணும் ஆவாது" என்று சொல்லி, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

என்னைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பழி மல்லாட்டைமேல் இருந்தால்தான் அவரால் அந்தப் படியில் ஏற முடியும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.