குழாயில் காது வைத்த ஃபிட்டர்

இலங்கையின் மகாவலி ஆற்றை மறித்து அணை கட்டி, வெளிநாட்டு எண்ணெய்க்குக் கையேந்தாமல் நாடே தன் மின்சாரத்தை எடுக்கப்போகிறது என்று எல்லோரும் பேசிய காலம் அது. தமிழர் வீடுகளை எரித்த கலவரம் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மின்சாரக் கந்தோரில் அதிகாரியாக வேலை பார்த்த நான் ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டமொன்றுக்குப் போனேன். அங்கே தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர் ஒருவர், கழித்துப்போட்ட பழைய டர்பைனை ஓடையில் பூட்டி, அனுமதியில்லாமல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தார். அதை நிறுத்தச் சொல்லும் கடிதம் என் பையில் இருந்தது.

குட்டையான மனிதர். விரல்களில் கிரீஸ் படிந்திருந்தது. பேச்சுக்கு நடுவில் குனிந்து குனிந்து தண்ணீர்க் குழாயில் காதை வைத்தார். இலை அடைத்தால் சத்தம் மாறுமாம்.

"இதுக்குப் பெர்மிட் வேணும், தெரியுமோ?" என்றேன்.

"எங்க மலைத் தண்ணியில நாட்டுக்கே கரண்டு எடுக்கப் போறீங்க. எங்க லயத்துக்கு எப்ப வரும், ஐயா?"

கடிதத்தை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

"கலவரத்துல இருட்டோட வந்து லயத்தக் கொளுத்துனாங்க. ஒருத்தன் மொகமும் தெரியல. இனி வந்தா மொகத்தப் பாக்கணும். நிப்பாட்ட மாட்டேன், எழுதிக்கங்க."

அதே கலவரத்தில் கண்டியில் என் வீட்டை எரித்தவர்கள் பட்டப்பகலில் வந்தார்கள். எல்லா முகங்களையும் பார்த்தேன். பிறகு கடைத்தெருவில் அவர்களில் சிலரைக் கண்டு ஒதுங்கியும் போயிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "பாத்து என்ன செஞ்சீங்க?" என்று கேட்டிருப்பார்.

கடிதத்தைக் கொடுக்காமலே மலையிறங்கினேன்.