வாசலில் கிடந்த ஆம்பிளைச் சப்பாத்து

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு அப்பார்ட்மென்ற் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் என் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தேன். அவர்களின் அப்பாவைக் கொழும்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பகலில் ஆங்கில வகுப்புக்குப் போவேன். சீவியம் அரசாங்கம் தருகிற வெல்பெயர் காசில் ஓடியது.

ஒருநாள் பின்னேரம் குடிவெறிகாரன் ஒருவன் எங்கள் கதவைத் தன் வீட்டுக் கதவென்று நினைத்து உதைத்தான். பிள்ளைகள் குளியலறைக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டார்கள். இதைக் கேள்விப்பட்டு, ஆறாம் மாடியில் மனைவியோடு இருந்த, நான் அண்ணை என்று கூப்பிடுகிற ஒருவர் தன்னுடைய பழைய சப்பாத்துச் சோடியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார்.

"உது இதிலை கிடக்கட்டும் பிள்ளை. ஆம்பிளை இருக்கிற வீடெண்டு நினைப்பினம்."

அப்படியே நினைத்தார்கள். வெறிகாரன் மட்டுமல்ல.

வெல்பெயரில் கள்ளம் செய்கிறவர்களைக் காட்டிக்கொடுக்க அப்போது ஒரு தொலைபேசி இலக்கம் வந்திருந்தது. அழைக்கிறவர் பெயர்கூடச் சொல்லத் தேவையில்லை. கள்ளம் நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கடை நடத்திக்கொண்டு, பிரிந்து இருக்கிறோமென்று மனைவி பேரில் காசு எடுத்தவர்களை எனக்கே தெரியும். அவர்களைப் பிடிக்கட்டும். ஆனால் சோதனைக்கு வந்தது என்னிடம்: புருசன் வீட்டில் இருக்கிறதை மறைத்துக் காசு எடுக்கிறேனாம்.

வந்த அதிகாரி சப்பாத்துகளைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைத்தார். இது ஆருடையது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னேன்: "மை பிரதர்."

அவர் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். உனக்குக் கனடாவில் சகோதரர் இல்லையென்று நீயே சொல்லியிருக்கிறாயே என்றார். அதை விளக்க என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. குளியலறையில் ஆண்களின் சவரக்கத்தி கிடக்கிறதா என்று தேடினார். என் அலுமாரியைத் திறந்து, உடுப்புகளை ஒவ்வொன்றாய்த் தள்ளிப் பார்த்தார். கடைசியில் சுவரில் தொங்கிய கலியாணப் படத்துக்கு முன்னால் நின்றார்.

"இவர்தானா? இவரும் இங்கேதான் இருக்கிறாரா?"

பிள்ளைகளின் அப்பா என் கட்டிலுக்குக் கீழே ஒளித்திருந்தால் நான் கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்திருப்பேனே! உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத மனிசனை என் அலுமாரிக்குள் தேடுகிறாய் என்று கத்தவேண்டும் போலிருந்தது. "நோ" என்ற ஒரு சொல்தான் வந்தது.

அடுத்த மாதம் காசு நின்றது. அண்ணையின் மனைவி எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தா. ஸ்காபரோவில் இருந்த இலவசச் சட்ட உதவி நிலையம் ஒன்று என் வழக்கை எடுத்து மேன்முறையீடு செய்தது. விசாரணை நாளில் அண்ணையும் மனைவியும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார்கள். இந்த முறை மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் இருந்தா.

"சொந்தமில்லாத ஆளை ஏன் சகோதரர் எண்டு சொன்னனீங்கள் எண்டு கேக்கினம்," என்றா அவ.

"என்னிலும் மூத்த மனிசனை நான் வேறை எப்பிடிக் கூப்பிடுறது?" என்றேன். "அண்ணை எண்டுதான் கூப்பிடுவம். மரக்கறிக் கடையிலை நிக்கிறவரும் எனக்கு அண்ணைதான். அவையெல்லாம் என்ரை வீட்டிலையோ இருக்கினம்?"

மொழிபெயர்த்தவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அப்போது அண்ணையின் மனைவி, தன்னைக் கேட்கும்வரை காத்திராமல் எழும்பினா.

"இவர் ராவிலை எங்கை படுக்கிறவர் எண்டு என்னையெல்லோ கேக்கோணும்? இவ்வளவு விசாரிச்சவை மூண்டு மாடி கீழ இறங்கி என்னை ஏன் கேக்கேல்லை?"

நாங்கள் வென்றோம். நிறுத்திய காசைத் திருப்பித் தந்தார்கள். மன்னிப்பு என்ற சொல் மட்டும் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. ஆர் என்னைக் காட்டிக்கொடுத்தது என்று கேட்டேன். சொல்ல முடியாதாம். எலிவேற்றரில் "எப்பிடிச் சுகம்?" என்று கேட்ட ஒவ்வொருவரையும் இவராய் இருக்குமோ என்று பார்க்கப் பழகினேன். பார்த்த அத்தனை பேருக்கும் அது அநியாயம் என்று தெரிந்தும் பார்த்தேன்.

அண்ணை அதற்குப் பிறகு மேலே வரவில்லை. ஏன் என்று அவரின் மனைவியிடம் கேட்டேன். "தான் வந்தால் திரும்பவும் உம்மிலை பழி போட்டிடுவினம் எண்டு பயப்பிடுறார் பிள்ளை," என்றா, என் முகத்தைப் பார்க்காமல்.

நான் கீழே போனால் தேத்தண்ணி தருவார்கள். அண்ணை தன் கோப்பையை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுவார். குற்றமே செய்யாத ஒரு மனிசனை அப்படித் தலைகுனிந்து நடக்கவைத்தவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.