இருக்கை பற்றி ஓர் ஆபாசக் கடிதம்

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஷூ கம்பெனியில் ஃபீபிக்குத் தோலைத் தரம் பிரிக்கும் வேலை. பதப்படுத்தி வந்த தோலை மேசையில் விரித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது வந்த வழியே திரும்பட்டும் என்று சொல்ல வேண்டும். பதினோரு வருட அனுபவம். அவள் சொன்னால் ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்க வருபவன்கூட மறுபேச்சுப் பேசமாட்டான். மாட்டுத் தோலைப் பற்றி அவள் சொன்னதை ஐரோப்பா ஏற்றுக்கொண்டது. சைக்கிள் இருக்கையைப் பற்றி அவள் சொல்வதற்கு மட்டும் ராமமூர்த்தியின் அனுமதி தேவைப்பட்டது.

வீடு மாதனூரில். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். மற்ற பெண்கள் அதில் ஏறிப் போக, இவள் பதினோரு கிலோமீட்டரும் சைக்கிளில் போவாள். காரணம் கேட்டால், "புடிச்சிருக்குது" என்பாள். ஒரு பெண்ணுக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்பது ஊரில் யாருக்கும் காரணமாகப் படவில்லை.

2003இல் அவள் வடாற்காடு சைக்கிள் மடற்குழுவில் சேர்ந்தாள். இணையத்தில் இயங்கிய குழு. ஒருவர் மின்னஞ்சல் எழுதினால் அத்தனை உறுப்பினர்களுக்கும் போய்ச் சேரும். நூற்று நாற்பது பேர். அதில் பெண்கள் மூவர். நிறுவியவர் ஆம்பூர்க்காரரான ராமமூர்த்தி, பாலிடெக்னிக் விரிவுரையாளர். எந்த மடல் போகலாம், எது கூடாது என்று தீர்மானிக்கும் மட்டுறுத்துநரும் அவரே. அந்தப் பட்டத்தைத் தன் பெயருக்குக் கீழே தடித்த எழுத்தில் போட்டுக்கொள்வார். குழுவில் ஒளிவுமறைவு கூடாது என்பது அவர் கொள்கை. அதனால், யாருடைய மடலுக்குப் பதில் பொத்தானை அழுத்தினாலும் அந்தப் பதில் எல்லாருக்கும் போகும்படி அவரே அமைத்திருந்தார்.

ஒருநாள் கரோலின் என்கிற வேலூர் நர்ஸ் குழுவில் கேட்டாள்: "இருபது கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு நாள் உட்கார முடியவில்லை. பெண்களுக்கு இப்படித்தானா?"

இரண்டு நாளில் இருபத்திரண்டு பதில்கள். ஒன்றிலும் பதில் இல்லை. "சிஸ்டர், முன்னால் இருப்பது ஆண்களுக்கு. உங்களுக்குத்தான் பின்னால் கேரியர் வைத்திருக்கிறார்களே" என்று எழுதியவன் கோபி, செல்போன் கடைக்காரன். நின்றுகொண்டே செய்யும் வேலை சமையலறையில் நிறைய இருக்கிறது என்று நினைவூட்டினார் இன்னொருவர். மட்டுறுத்துநர் ஒரு சிரிப்புக்குறி போட்டுத் தம் கடமையை முடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவருக்கு மனசாட்சி விழித்தது. பெண்கள் கேலிக்கு ஆளாவதைத் தடுக்கப் புதிய விதி: இனிப் பெண் உறுப்பினர்களின் மடல்கள் மட்டும் அவர் படித்து அனுமதித்த பிறகே வெளியாகும். ஆண்களின் மடல்கள் வழக்கம்போல நேரே போகும். திருட்டு நடந்த வீட்டில் வீட்டுக்காரியைப் பிடித்து உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, இனிப் பாதுகாப்பாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போவதுபோல.

அன்று மாலை ஃபீபி கரோலினுக்குப் பதில் எழுதிக் குழுவுக்கு அனுப்பினாள். நாம் உட்காருவது இரண்டு எலும்புகளின் மேல். அவற்றின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்குப் பெரும்பாலும் அகலம். கடையில் கிடைக்கும் இருக்கை ஆண் அளவுக்குச் செய்தது. எலும்பு தாங்க வேண்டிய பாரத்தை அதில் சதை தாங்குகிறது. பழைய அட்டைப்பெட்டி ஒன்றைத் தட்டையாக்கிப் பெஞ்சில் போட்டு உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழும். அந்த இடைவெளியை அளந்து, அதைவிட இரண்டு விரல் அகலமான இருக்கையாக வாங்குங்கள். மெத்தென்ற ஸ்பாஞ்சு வேண்டாம்; எலும்பு அமிழ்ந்து வலி ஜாஸ்தியாகும்.

ராமமூர்த்தியிடமிருந்து பதில் வந்தது: "உடல் உறுப்புகள் பற்றிய ஆபாசமான விவரங்கள் உள்ளதால் அனுமதிக்க இயலவில்லை. இது குடும்பப் பாங்கான குழு."

மறுநாள் கேன்டீனில் எதிரே உட்கார்ந்த பாரதி, ஷூவின் மேல்தோல் தைக்கும் பிரிவுக்காரி, கேட்டாள்.

"இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"எலும்புன்னு எழுதிட்டேன். ஆபாசமாம்."

"எந்த எலும்பு?"

"உக்கார்ற எலும்பு."

"அந்தாளுக்கு அது இல்லியா?"

"மட்டுறுத்துநருக்கு இருக்காது போல."

"அப்போ கேரியர் ஜோக்கு?"

"அது குடும்பத்தோட படிக்கலாமாம்."

பாரதி சாம்பாரை ஊற்றிக்கொண்டாள். "அந்த நர்ஸம்மாவுக்கு மட்டும் தனியா எழுதிட்டு வேலையப் பாரேன். எதுக்கு இந்த பேஜாரு?"

"அவளுக்கு அன்னிக்கே எழுதிட்டேன். ஆனா கேலி பண்ணது நூத்தி நாப்பது பேர் முன்னாடி. பதில மட்டும் காதுல சொல்லணுமா?"

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே மடலை, ஒரு சொல்லும் மாற்றாமல், குழுவுக்கு அனுப்பினாள். இரண்டாம் முறை, தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று வந்தது. மூன்றாம் முறை, நீளம் அதிகம். நான்காம் முறை காரணம் எதுவும் வரவில்லை. கற்பனை வற்றியிருக்க வேண்டும்.

ஜனவரியில் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சவாரி அறிவித்தது: ஆம்பூரிலிருந்து வேலூர் போய்த் திரும்ப, நூறு கிலோமீட்டர். "நானும் வருகிறேன்" என்று ஃபீபி எழுதிய ஒற்றை வரியில் எலும்பு ஏதும் இல்லாததால் உடனே வெளியானது.

ராமமூர்த்தி அன்று தலையணை கனத்துக்கு ஒரு ஸ்பாஞ்சு இருக்கையோடு வந்திருந்தார். பள்ளிகொண்டா வருவதற்குள் கோபி ஃபீபியின் பக்கத்தில் வந்தான்.

"மேடம், முடியலன்னா சொல்லுங்க. ஆம்பூர் பஸ் நிறைய இருக்குது."

"உனக்கு வேணும்னா கைகாட்டி நிறுத்தவாப்பா?"

தோல் ரசாயனம் விற்கும் ஆபித் பாஷா பின்னாலிருந்து சிரித்தார். "தோஸ்த், கம்முனு ஓட்டு."

திரும்பும்போது மாதனூரிலிருந்து ராமமூர்த்தி உட்காரவே இல்லை.

"சார் ஏன் நின்னுகிட்டே மிதிக்கிறாரு?" என்றான் கோபி.

"காத்து வாங்கறேன்பா" என்றார் ராமமூர்த்தி.

செவ்வாய்க்கிழமை மாலை, நூற்று நாற்பது பேரின் அஞ்சல் பெட்டியிலும் ஒரு மடல் கிடந்தது. ஃபீபியின் "நானும் வருகிறேன்" மடலைத் திறந்து, பதில் பொத்தானை அழுத்தி, ராமமூர்த்தி எழுதியது. தாம் போட்ட அமைப்பு தமக்கும் பொருந்தும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பெண் எழுதியிருந்தால் யாராவது படித்துத் தடுத்திருப்பார்கள். ஆண் எழுதியதால் நேரே போய்விட்டது.

"அன்புச் சகோதரிக்கு, இது நமக்குள் இருக்கட்டும். இரண்டு நாளாக நின்றுகொண்டே பாடம் நடத்துகிறேன். முன்பு தாங்கள் அட்டைப்பெட்டி பற்றி ஏதோ எழுதியிருந்தீர்கள், அழித்துவிட்டேன். மீண்டும் தனியாக அனுப்ப முடியுமா? புண் இருக்கும் இடம்..."

அடுத்த மூன்று வரிகள் குடும்பப் பாங்கானவை அல்ல என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஒரு மணி நேரத்தில் இன்னொரு மடல்: "முந்தையதைப் படிக்காமல் அழித்துவிடவும்." அதுவரை படிக்காமலிருந்த சிலரும் அதற்குப் பிறகு படித்தார்கள். "சார், கேரியர் ட்ரை பண்ணீங்களா?" என்று கோபி எழுதினான். பாகுபாடு பார்க்காதவன்.

ஃபீபி சிரிப்புக்குறி எதுவும் போடவில்லை. பழைய மடலை, ஒரு சொல்லும் மாற்றாமல், ஐந்தாம் முறையாகக் குழுவுக்கு அனுப்பினாள். அது அனுமதி வரிசையில் நின்றது. ராமமூர்த்தி அங்கேயே அதைப் படித்தார், அளவெடுத்தார், இருக்கையை மாற்றினார். மடலை அனுமதிக்க மட்டும் மறந்துவிட்டார்.

ஆனால் சவாரிக்கு வந்த மற்ற ஆண்களுக்கும் எலும்புகள் இருந்தன. "அந்த அட்டைப்பெட்டி மடல் எங்கே?" என்று ஒன்பது பேர் குழுவில் கேட்டார்கள். அது ஆபாசமானது என்றார் மட்டுறுத்துநர். ஆபித் பாஷா எழுதினார்: "சார், செவ்வாய்க்கிழமை உங்க மடலைப் படிச்சிட்டு உயிரோட இருக்கோம். இதையும் தாங்கிக்குவோம்."

வெள்ளிக்கிழமை மடல் வெளியானது. ஃபீபியின் பெயரோடு, ஒரு சொல்லும் மாறாமல். மேலே மட்டுறுத்துநர் குறிப்பு: "ஆண் உறுப்பினர்களின் வேண்டுகோளுக்கு இணங்க வெளியிடப்படும் அறிவியல் கட்டுரை." ஒரு மாதமாக ஆபாசமாக இருந்த எலும்பு, ஆணுக்கு வலித்த வாரத்தில் அறிவியலாகிவிட்டது.

விதியை அவர் நீக்கவில்லை. கரோலினின் பதில் மூன்று நாள் வரிசையில் நின்று வந்தது: "இருக்கையை மாற்றிவிட்டேன், வலியில்லை. அடுத்த சவாரிக்கு வருகிறேன். கேரியர் காலியாகத்தான் இருக்கிறது, கோபி சார் ஏறிக்கொள்ளலாம்." ஃபீபி அதையும் தன் அட்டைப்பெட்டி மடலையும் பிரிண்ட் எடுத்து கேன்டீனில் பாரதியிடம் கொடுத்தாள். அது மேசை மேசையாகக் கைமாறியது.

அடுத்த திங்கட்கிழமை பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். ஏற்றுமதிக்குத் தட்டையாக அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளில் ஏழு வீணாகிவிட்டதாம். ஒவ்வொன்றிலும் அருகருகே இரண்டு குழி. ஃபீபி ஒன்றை வாங்கி, கட்டைவிரலால் குழியை அழுத்திப் பார்த்து, எட்டிப்பார்க்க வந்த பாரதியின் பக்கம் திரும்பினாள். "பாரதி, உனக்கு அகலம் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றாள்.