ஒரு ராத்திரிக்கான பெட்ரோல்

சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு கூல்டிரிங்ஸ் கடை வைத்திருக்கிறோம். ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று, பாட்டில்கள் வைக்கும் கண்ணாடி ஃப்ரிட்ஜ் ஒன்று. கரண்ட் போனால் ஐஸ்கிரீம் உருகிவிடும் என்பதற்காகச் சின்னதாக ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கியிருந்தோம். ஒரு கையிலேயே தூக்கிக்கொண்டு போகலாம். டேங்க் நிறைய ஊற்றி இரண்டு பெட்டியையும் போட்டால் நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கடைக்கு அது போதும். ஒரு ராத்திரி முழுக்க அதை ஓட்ட வேண்டியிருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

அம்மா இறந்தது சித்திரை மாதத்தில், காலை வேளையில். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா ஆட்டோவுக்குப் போன் செய்து, அது வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊருக்கு எங்கள் கடையிலிருந்து வண்டியில் கால் மணி நேரம்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா வெளியே நின்றுகொண்டிருந்தார். "உள்ள போ சாமி" என்றார்.

எனக்கு ஒரே தம்பி. லாரி டிரைவர். அப்பாவும் லாரி ஓட்டியவர்தான், முழங்கால் தேய்ந்து உட்காரும்வரை. தம்பி அன்றைக்கு மகாராஷ்டிராவில், சோலாப்பூர் பக்கம் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். அப்பாதான் அவனுக்குப் போன் செய்தார். வீட்டுக்குப் பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தார். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடலாம் என்று பங்காளிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பையன் கெளம்பிட்டான். வரட்டும்" என்றார் அப்பா.

"அவன் வந்து சேர நாளைக்குக் காலைல ஆயிருமுங்களே?" என்றார் ஒரு பங்காளி.

"ஆகட்டும்."

நாமக்கல்லிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது. கண்ணாடி மூடி போட்ட அந்தப் பெட்டிக்குள் அம்மாவைப் படுக்க வைத்தார்கள். வாசலில் சாமியானா போட்டார்கள், ட்யூப் லைட் கட்டினார்கள், பெட்டி மாதிரி இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். சாவு வீடு ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் மலைப் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்தது. மழையைவிடக் காற்றுதான் பெரிது. சாமியானா ஒரு பக்கம் பிய்ந்துகொண்டு பறந்தது. எங்கோ டமார் என்று ஒரு சத்தம். கரண்ட் போய்விட்டது. மழை விட்டதும் லைன்மேனுக்குப் போன் செய்தோம். வயலுக்குள் மூன்று கம்பம் சாய்ந்து கிடக்கிறது, விடிந்தால்தான் ஏதாவது செய்ய முடியும் என்றார். என் வீட்டுக்காரர் கடைக்குப் போய் ஜெனரேட்டரையும் பாதி கேன் பெட்ரோலையும் வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார்.

அடைந்த இடத்தில் வைத்தால் அதன் புகை ஆளைக் கொன்றுவிடும். அதனால் வீட்டை விட்டுத் தள்ளி, ஜன்னல் எதுவும் இல்லாத பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிச் சமமான இடமாகப் பார்த்து வைத்தோம். கயிற்றை இழுத்ததும் ஓடியது. நாங்கள் ஐஸ் பெட்டிக்கு மட்டும் ஒயர் இழுத்திருந்தோம். அதற்குள் யாரோ ட்யூப் லைட்டுகளை மாட்டிவிட்டார்கள். இன்னொருவர் ஃபேனை மாட்டினார். ஸ்பீக்கரிலும் பாட்டு வந்துவிட்டது. செல்போன் சார்ஜர்கள் வேறு வரிசையாகத் தொங்கின. ஐஸ் பெட்டியின் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்ததும் ஜெனரேட்டர் ஒரு முறை முனகிவிட்டு நின்றுபோனது.

அந்த நிமிஷம்வரை என்னை எல்லோரும் ஒரு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். நான் எழுந்து போனேன். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினேன்.

"பாட்டு இல்லாட்டி எப்பிடிம்மா? சாவு ஊடு மாதிரியா இருக்கும்?" என்றார் மாமா. அம்மாவின் தம்பி.

"பாட்டு வேண்டாங்க மாமா. லைட்டு வேண்டாம், ஃபேனும் வேண்டாம். பொட்டி மட்டும் ஓடுனாப் போதும்."

தம்பியோடு பேசுவதற்காக ஒரே ஒரு போனுக்கு மட்டும் சார்ஜர் விட்டேன். உள்ளே இரண்டு அகல் ஏற்றி வைத்தோம். ஜெனரேட்டரில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதைப் போட்டுவிட்டால் லோடு குறையும்போது எஞ்சினும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடையில் நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. அன்றைக்குப் போட்டோம். சத்தம் பாதியாகக் குறைந்தது.

அப்படியும் கணக்குப் பார்த்தால் பெட்ரோல் விடியும்வரை வராது. பங்க் இருக்கும் ரோட்டில் புளியமரம் விழுந்து கிடந்தது. பெரியப்பா பையன் மரத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். பங்க்கை மூடிவிட்டுப் போய்விட்டார்களாம்.

ஐஸ்கிரீம் பெட்டியோடு இத்தனை வருஷம் பழகியதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். குளிர் ஏறிவிட்ட பெட்டி, மூடியைத் திறக்காமல் இருந்தால், கரண்ட் இல்லாமலும் ரொம்ப நேரம் தாங்கும். கடையில் கரண்ட் போனால் பெட்டிமேல் ரெண்டு கம்பளியைப் போர்த்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அதையே இங்கேயும் செய்யலாம் என்று நினைத்தேன். நன்றாகக் குளிர் ஏறும்வரை ஓட்டுவது, நிறுத்துவது, குளிர் இறங்கத் தொடங்கும்போது மறுபடியும் ஓட்டுவது. பெட்டியின் பக்கவாட்டில் எண் காட்டும் சின்ன விளக்கு இருந்தது. ஜெனரேட்டரை நிறுத்தினால் அதுவும் அணைந்துவிடும். அதனால் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தும் உத்தேசமாகவும்தான் செய்ய வேண்டியிருந்தது.

ஆனால் அதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. பெட்டியைப் போர்த்த வேண்டும். அம்மாவின் முகத்தையும் சேர்த்து.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியம்மா வந்து சேர்ந்தார். அம்மாவின் அக்கா. ஆத்தூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மழையில் இரண்டு பஸ் மாறி வந்தவர். வந்ததும் கண்ணாடிமேல் விழுந்தார். திறக்கச் சொன்னார். முடியாது என்றேன். கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் தங்கச்சி மூஞ்சியப் பாக்க இம்மாந் தொலைவுலேருந்து வந்திருக்கேன். நீ கம்பளி போட்டு மூடுறியா? இவ என்ன கடைச் சரக்கா?"

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரிதானோ என்றும் தோன்றியது. காலையிலிருந்து நான் ஒரு சொட்டு அழவில்லை. அம்மாவை ஒரு பெட்டியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

சத்தம் கேட்டு அப்பா உள்ளே வந்தார். நான் சொல்வதைக் கேட்டார். பெரியம்மா சொல்வதையும் கேட்டார். அறைக்குள் போய்ப் பரணிலிருந்து தன்னுடைய பழைய கம்பளியை எடுத்து வந்தார். லாரியில் போகும்போது கொண்டுபோவது. ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

"பாத்தது போதுங்க. நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்று பெரியம்மாவிடம் சொன்னார். "இன்னைக்கி ராத்திரி தூங்கட்டும்."

கம்ப்ரசர் இருக்கும் கால்மாட்டில் மட்டும் காற்றுப் போக இடம் விட்டு, இருவருமாகப் போர்த்தினோம். அதன்மேல் இரண்டு ஜமுக்காளம். பெரியம்மா சுவரோரமாகப் போய் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு திறக்கச் சொல்லவில்லை.

முதல் தடவை ஜெனரேட்டரை நிறுத்தினோம். அவ்வளவு நேரம் அந்தச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒன்றுமில்லை. தவளைச் சத்தம் மட்டும். அகல் வெளிச்சத்தில் ஆள் முகம் பாதிதான் தெரிந்தது. பிறகு பக்கத்து வீட்டு அக்கா மெதுவாக ஆரம்பித்தார்.

"உங்கம்மா மொபெட் ஓட்டுனது உனக்குத் தெரியுமா கண்ணு?"

எனக்குத் தெரியாது. நான் கல்யாணமாகிப் போன பிறகு நடந்தது போலிருக்கிறது.

"உங்கப்பா லோடு ஏத்திட்டுப் போயிருந்தாரு. எங்கூட்டு வண்டிய எடுத்துட்டு வந்து, கத்துக் குடுடீன்னா. கடலக்கா புடுங்குன காட்டுல நாலு நாளு ஓட்டுனோம். அஞ்சாம் நாளு நேராப் போயி வாய்க்கால்ல எறங்கிட்டா. கையெல்லாம் செராய்ப்பு. யாருகிட்டயும் சொல்லாத, கேட்டா மாடு முட்டிருச்சுன்னு சொல்லிக்கறேன்னா."

வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் குரல் இருட்டிலிருந்து வந்தது.

"நான் வந்தப்ப உங்கூட்டு வண்டி ஹேண்டில் கோணலா இருந்துது. மாடு முட்டிருச்சுன்னா. செரி, மாடு வண்டியையும் முட்டியிருக்குது போலன்னு உட்டுட்டேன்."

பெரியம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். சாவு வீட்டில் அப்படிச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை, ஆனால் நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். காலையிலிருந்து சேர்ந்திருந்தது எல்லாம் அப்போதுதான் வந்தது.

அதற்குப் பிறகு ராத்திரி ஒரு முறைக்கு வந்தது. ஜெனரேட்டர் ஓடும்போது ஆளாளுக்குக் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வார்கள். நின்றதும் யாராவது ஒருவர் ஏதாவது சொல்ல ஆரம்பிப்பார். பாட்டும் லைட்டும் இருந்திருந்தால் இதில் எதையும் நான் கேட்டிருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ஆயிலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெட்ரோல் ஊற்றினார். சூட்டோடு ஊற்றினால் பற்றிக்கொள்ளும். ஆயில் குறைந்தாலோ எஞ்சின் தானாக நின்றுவிடும்.

நடுச்சாமத்துக்கு மேல் கேன் காலியாகிவிட்டது. வாசலில் பத்துப் பதினைந்து வண்டிகள் நின்றிருந்தன. கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. மாமாதான் எழுந்தார். பாட்டு வேண்டாம் என்று சொன்னதிலிருந்து என்னோடு பேசாமல் இருந்தவர். தன் வண்டியின் பெட்ரோல் ட்யூபை உருவி அடியில் ஒரு வாட்டர் பாட்டிலைப் பிடித்தார்.

"எல்லாருந் திரும்பிப் போறதுக்கு மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்த எறக்குங்கப்பா" என்று சத்தம் போட்டார்.

ட்யூபை உருவ முடிந்த பழைய வண்டிகளில் இருந்தெல்லாம் இறக்கினார்கள். புது வண்டி வைத்திருந்த பெரியப்பா பையன் அதில் இறக்க வழியில்லாமல் செல்போன் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றான். பாட்டில் பாட்டிலாகச் சேர்ந்தது. அம்மாவுக்கு அவ்வளவாக ஆகாத ஒரு பங்காளிகூட ஒரு பாட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

தம்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பஸ்ஸிலும் லாரிகளிலும் மாறி மாறி வந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்து, சட்டை முழுக்க தூசி. அப்பாவே கம்பளியை எடுத்தார். கண்ணாடிமேல் ஆவி படிந்திருந்தது. தம்பி தோளில் கிடந்த துண்டால் துடைத்தான். அம்மா அப்படியேதான் இருந்தாள். மூடியைத் திறந்ததும் கன்னத்தைத் தொட்டு, "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். பெரியம்மாவும் அப்போதுதான் வந்து தொட்டார். மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டோம். கரண்ட் வந்தது அதற்கும் பிறகுதான்.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, தம்பி தொட்டியோரம் உட்கார்ந்திருந்தான். அந்த ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இவ்வளவு பாடு எதுக்குக்கா? நான்தான் அப்பாகிட்டச் சொன்னனே. எனக்காக வெக்க வேண்டாம், சாயங்காலமே எடுத்துருங்க, நான் போட்டோல பாத்துக்கறேன்னு. லோடு எறக்கி முடியாம எப்ப கெளம்ப முடியும்னு எனக்கே தெரீல. அப்பறம் எனக்காக வெச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் பாதியில உட்டுட்டு கெளம்பி வந்தேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"செரி சாமின்னாரு."

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா வாசலில் பங்காளிகளோடு உட்கார்ந்திருந்தார். அப்போது எதுவும் கேட்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். தம்பி அப்படிச் சொன்னானாமே என்று.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. மோர் ஊற்றச் சொன்னார். பிசைந்துகொண்டே சொன்னார்.

"லாரில இருந்த வரைக்கும் ராத்திரி ஊட்ல தங்குனது கொஞ்சந்தான் சாமி. அவ எத்தன ராத்திரி தனியாக் கெடந்தாளோ. அன்னைக்காச்சும் ஒரு ராத்திரி கூட இருக்கலாம்னு பட்டுது. அதுக்குன்னு ஊரு முன்னாடி சொல்ல முடியுமா? அதான் பையன் வரட்டும்னேன்."

தம்பிக்கு அடுத்த நாள் போனில் இதைச் சொன்னேன். அவன் அப்போது நாக்பூருக்குப் போய்க்கொண்டிருந்தான். "செரிக்கா" என்றான். பிறகு, அப்பா தனியாகத்தானே படுத்துக்கொள்கிறார், நீ ராத்திரியில் ஒரு போன் போட்டு விசாரி என்றான். இப்போது தினமும் நான் போடுகிறேன். சில நாள் லைன் கிடைப்பதில்லை. அப்பா தம்பியோடு பேசிக்கொண்டிருப்பார்.