எட்டாயிரத்துச் சொச்சம்

நடு ஏரியில் படகு நிற்கிறது, சுற்றிலும் தண்ணீர். முடிந்தபோது வண்டியைத் திருப்புங்கள் என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் பணிவாகச் சொல்கிறாள். காரிலிருந்து கழற்றிப் படகில் ஒட்டிய ஜி.பி.எஸ். பெட்டியின் குரல் அது. இங்கே வந்த சாலை வழிகாட்டலை அணைத்து நேர்கோட்டுக்கு மாற்ற மறந்துவிட்டோம். மினசோட்டாவில் திரும்பிய பக்கமெல்லாம் ஏரி. சனிக்கிழமையானால் காருக்குப் பின்னால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என்னோடு வேலை செய்யும் டேவும் அப்படித்தான். படகு அவனுடையது, பெட்டி என்னுடையது. ஏரிகளின் ஆழத்தைக் காட்டும் வரைபடங்கள் அடங்கிய நகத்தளவு சில்லு ஒன்றை அவன் அதில் செருகுவான். இங்கே இருபது அடி, அங்கே பாறை என்று திரையில் தெரியும். அந்தப் பெண் பேசும்போதெல்லாம் டேவ் விழுந்து விழுந்து சிரிப்பான். நான் ஒலியைக் குறைப்பேன்.

முதன்முதலில் அவனோடு ஏரிக்கு வந்தபோது என்னிடம் இருந்தது வேறு பெட்டி. காருக்கென்று வாங்கியது தண்ணீரிலும் வழி காட்டியதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அண்ணன் நினைப்பு வந்தது. திருவொற்றியூர்க் குப்பத்தில் அண்ணனுக்கு ஒரு ஃபைபர் படகு. அண்ணியின் தம்பி செல்வம்தான் கூடப் போவான். வடக்கே எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள், தெற்கே ராயபுரம் மாதா கோயில் கோபுரம், இரண்டையும் பார்த்தே படகு நிற்கும் இடத்தை அண்ணன் சொல்லிவிடுவார். மார்கழிப் பனி மூடினால் இரண்டும் மறைந்துபோகும். அப்போது இன்ஜினை நிறுத்தி, நங்கூரக் கல்லை இறக்கிவிட்டு, வெயில் ஏறும்வரை சும்மா உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். அதற்குள் கரையில் மீன் ஏலம் முடிந்துவிடும். பெட்டியைப் பற்றி நான் பீற்றிக்கொண்டதும் அண்ணன் தொலைபேசியில் சொன்னார்:

“பனி பூந்துச்சுன்னா கல்லப் போட்டுட்டு குந்திக்கினு கெடக்கணும் நைனா. நீ அத்த அனுப்சின்னா அந்த பேஜாரு இல்ல.”

ஊருக்குப் போன நண்பன் ஒருவனிடம் கொடுத்தனுப்பினேன். நம் கடலின் வரைபடம் அதில் கிடையாது, திரை வெறுமையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் சாலை தேடாமல் நேர்கோடு மட்டும் காட்டும்படி அமைத்திருந்தேன். வழி தெரியவில்லை என்றால் வீட்டுப் படம் போட்ட இடத்தை அமுக்குங்கள், கோடு வரும், அதைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். அண்ணி பெட்டிக்குக் குங்குமம் வைத்து, பாலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்தாராம். கைபட்டால் கெட்டுவிடும் என்று அண்ணன் வேறு எதையும் யாரையும் அமுக்கவிடவில்லையாம். தம்பி அனுப்பிய பொருள் என்று குப்பமே வந்து பார்த்துவிட்டுப் போனதாம். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அந்த மார்கழியில் ஒரு காலை பனி இறங்கியது. மற்ற படகுகள் கல்லைப் போட்டுக் காத்திருந்தன. அண்ணன் மட்டும் காத்திருக்கவில்லை. எண்ணூர்ப் பக்கம் கடலுக்குள் கட்டியிருக்கும் கல்சுவரில் படகு மோதியது. செல்வத்தைக் கல்லிடுக்கிலிருந்து உயிரோடு தூக்கினார்கள். அண்ணனை மறுநாள்தான் கரையில் கண்டெடுத்தார்கள். நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காலில் கட்டோடு படுத்திருந்த செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

“எட்டாயிரத்துச் சொச்சம்னு காட்டிச்சுண்ணா. அடின்னு நெனச்சோம். கரை கிட்டக்க தான்னு வந்துகினே இருந்தோம், கொறையவே இல்ல. நீரோட்டம் எதிர்க்குது, இன்னும் வேகம் குடுடான்னு மாமா சொல்லிச்சு. என் தம்பி பொட்டி பொய் சொல்லாதுன்னுச்சு.”

அது அடி இல்லை, மைல். அந்தப் பெட்டியில் வீடு என்று பதிந்திருந்தது மினசோட்டாவில் நான் வாடகைக்கு இருக்கும் மூன்றாம் மாடி வீடு. அனுப்பும் முன் நான் அதை அழிக்கவில்லை. கரையில் நின்று உங்கள் வீட்டைப் பதிந்துகொள்ளுங்கள் என்று சொல்லவும் இல்லை. பூமியின் மறுபக்கத்துக்கு நேர்கோடு போட்டால் அது வட துருவத்தின் வழியாகத்தான் போகும். மேற்கே இரண்டு மைலில் சொந்தக் கரை இருக்க, அந்தக் கோடு அண்ணனை வடக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணி எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“அந்தப் பொட்டி கெட்டுப்பூச்சா தம்பி?”

ஆமாம் என்றேன். கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன். அண்ணி தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். நான் சாப்பிட்டேன். இங்கிருந்து ஊருக்கு எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கும் என்னைப் போன்றவர்களே, ஊரில் இதைப் படிப்பவர்களே, இன்றுவரை அண்ணியிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நான்தான் கொன்றேன் என்று எழுத மட்டும் வருகிறது.

இந்தப் புதுப் பெட்டியை வாங்கிய அன்றே திருவொற்றியூர்க் கரையின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தேடிப் பிடித்து வீடு என்று பதிந்தேன். இனி யாருக்கும் அதனால் பயனில்லை என்று தெரிந்தும் செய்தேன். இன்று திரும்பும் நேரத்தில் டேவ் அந்த வீட்டுப் படத்தை அமுக்கிவிட்டான். ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு வடக்கே ஓடியது. கீழே எட்டாயிரத்துச் சொச்சம். டேவ் முதலில் சிரித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பெட்டி பழுதானதற்கு வருந்துகிறேன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. கவலைப்படாதே, ஒரு நிமிட வேலை என்று சொல்லித் தட்டத் தொடங்கினான். என் முகவரி அவனுக்கு மனப்பாடம். வேண்டாம் என்று கையை நீட்டினேன், அதற்குள் தட்டி முடித்துவிட்டான்.

கோடு வடக்கிலிருந்து விலகித் தெற்கே திரும்பியது. இருபத்திரண்டு மைல். இப்போது சரியாகிவிட்டது என்றான் டேவ். நன்றி என்றேன். அவன் இன்ஜினைக் கிளப்பினான். அண்ணன் கடைசிவரை எந்த வீட்டை நம்பிப் படகை ஓட்டினாரோ, அதே வீட்டுக்கு, அதே மாதிரி ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு நான் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தேன்.